மருத்துவமனை திறந்திருந்தது, வழி மூடியிருந்தது!

2020ஆம் ஆண்டு மார்ச் 24. இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் அடைப்பு! நான்கே மணி நேரத்தில் நாடு நின்றது. ஆலைச் சங்கு ஊதவில்லை, அங்காடி திறக்கவில்லை, பேருந்து கிளம்பவில்லை, இரயில் நகரவில்லை. இருபத்தொரு நாள் என்றார்கள். பிறகு மே 3 வரை என்றார்கள். 17 வரை என்றார்கள். 31 வரை என்றார்கள். நாள் நீண்டது, நடமாட்டம் குறைந்தது, மக்கள் நான்கு சுவருக்குள் இருந்தனர் - நான்கு சுவர் உள்ளவர்கள்!

ஊரை அடக்கலாம், நோயை அடக்க முடியுமா? கொரோனாவைச் சொல்லவில்லை நாம். நாய்க்கும் பூனைக்கும் எந்த ஆண்டும் வருகிற நோய்களைச் சொல்கிறோம். அவை அந்த ஆண்டும் வந்தன. அரசாங்க உத்தரவைப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, ஊரடங்கு முடியட்டும், பிறகு வருகிறோம்" என்று எந்த நோயும் திரும்பிப் போகவில்லை!

அந்த நாட்களில் தன் வீட்டுப் பிராணிக்கு மருத்துவம் தேடிய ஏழையின் பாடு என்ன? அந்தப் பாடு நமக்குக் கற்றுத்தரும் பாடம் என்ன? இன்று அதைத்தான் பேச விரும்புகிறோம்.

நாய்க்கு ஒரு கட்டுரையா?

"மனிதன் மூச்சுக்குத் திணறிய நேரத்தில் நாயைப் பற்றியா பேச்சு?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் கூறவேண்டியது நம் கடமை.

நாய் என்றதும், பங்களாவிலே பஞ்சு மெத்தையிலே படுத்துக்கொண்டு, பாலும் இறைச்சியும் தின்று கொழுத்த சீமை நாய் நினைவுக்கு வருகிறது. அந்த நாய்க்கு ஊரடங்கிலும் குறையில்லை. எசமானரிடம் கார் இருந்தது. மருத்துவரின் கைபேசி எண் இருந்தது. காவலரிடம் பேச ஆங்கிலமும் இருந்தது! நாம் பேசுவது குடிசை வாசலிலே படுத்துக்கிடக்கும் நாட்டு நாயைப் பற்றி. இரவு முறை வேலைக்கு அவன் ஆலைக்குப் போனால், தாழ்ப்பாள் சரியில்லாத கதவுக்குத் தாழ்ப்பாளாக இருப்பது அந்த நாய். மனைவிக்குத் துணை, மக்களுக்குத் தோழன். கூலி கேட்பதில்லை, விடுமுறை கேட்பதில்லை, மிச்சக் கஞ்சிக்கு மேல் எதையும் கேட்பதில்லை. பாட்டாளி வீட்டில் அதுவும் ஒரு பாட்டாளி!

அந்தப் பாட்டாளிக்கு நோய் வந்தால், மருத்துவம் ஆடம்பரமா?

ஏட்டில் திறந்த கதவு

அரசாங்கம் மறந்துவிட்டது என்று கூறமாட்டோம். 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகளிலே தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது: கால்நடை மருத்துவமனைகள் இயங்கலாம், மருந்தகங்கள் இயங்கலாம், ஆய்வுக்கூடங்கள் இயங்கலாம், தடுப்பூசியும் மருந்தும் விற்கலாம், அனுப்பலாம். நல்ல வாசகம். மருத்துவர்களும் தங்களுக்கு நோய் தொற்றுமோ என்ற அச்சத்தை மறைத்துக்கொண்டு பணியாற்றினர். அவர்களைக் குறை கூறுவது நன்றி மறப்பதாகும்.

குறை எங்கே? கதவைத் திறந்து வைத்தார்கள். கதவுக்கு வரும் பாதையைப் பற்றி எண்ண மறந்தார்கள்!

எண்ணிப் பாருங்கள். சென்னையிலே, நகரத்தின் நடுவிலிருந்து எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கண்ணகி நகருக்குக் குடி பெயர்க்கப்பட்டன. அங்கே ஒரு கட்டடத் தொழிலாளி. ஊரடங்கால் வேலையில்லை, வேலையில்லாததால் கூலியில்லை. அவன் வளர்க்கும் பெண் நாய் குட்டி ஈன முடியாமல் தவிக்கிறது. வயிற்றைக் கிழித்துக் குட்டியை எடுத்தால்தான் தாய் பிழைக்கும். பெரிய சிகிச்சைக்கு ஏழை நம்பும் இடம், 1903ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை. கண்ணகி நகரிலிருந்து வேப்பேரி இருபது கிலோமீட்டருக்குக் குறையாது.

எப்படிப் போவான்? பேருந்திலா? மார்ச் மாதம் நின்ற நகரப் பேருந்து, சென்னையில் மறுபடி ஓடியது செப்டம்பர் 1 அன்று! ஐந்து திங்களுக்கு மேல் பேருந்து இல்லை. ஓடிய நாளிலேகூட நாயை ஏற்றிக்கொள்ளும் நடத்துனரைக் காண்பது அரிது. ஆட்டோ? ஓட்டினால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்று ஓட்டுநருக்கு அச்சம். அவரும் ஏழைதானே! மிதிவண்டியிலா? குட்டி பாதி வெளிவந்து நிற்கும் நாயைக் கேரியரில் கட்டிக்கொண்டா இருபது கிலோமீட்டர் மிதிப்பது?

மாவட்டம் விட்டு மாவட்டம் போகவேண்டியவன் பாடு இன்னும் மோசம். அனுமதிச் சீட்டு வேண்டும். திருமணமென்றால் சீட்டு உண்டு, சாவென்றால் சீட்டு உண்டு, மருத்துவ அவசரமென்றால் சீட்டு உண்டு. நாயின் நோய் மருத்துவ அவசரமா, அல்லவா? இந்தக் கேள்விக்கு விடை தரவேண்டியது சட்டம். ஆனால் விடை தந்தவர் யார்? வெயிலிலே நாள் முழுதும் நின்று களைத்துப்போன காவலர்! ஒருவர் இரக்கப்பட்டால் வழி, இன்னொருவர் எரிச்சல்பட்டால் தடி. காருக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கிக் கேட்பவனுக்கு ஒரு விடை, கால்நடையாக வந்து கைகூப்பிக் கேட்பவனுக்கு வேறொரு விடை. உரிமையாக இருக்கவேண்டியது இரக்கமாகச் சுருங்கினால், அது எப்போதும் ஏழைக்குத்தான் எட்டாமல் போகிறது!

மேலை நாட்டில் என்ன செய்தனர்?

நமது நாட்டில் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட அதே மார்ச் 24 அன்று, அமெரிக்க நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. கால்நடை மருத்துவர் பிராணியை நேரில் பார்த்த பிறகே சில மருந்துகளை எழுதித் தரலாம் என்றிருந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. தொலைபேசியிலும் காணொளியிலும் கேட்டறிந்து மருத்துவம் கூற வழி பிறந்தது. நம் நாட்டிலும் மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறை வெளிவந்தது. ஆனால் அது மனிதருக்கு மருத்துவம் பார்ப்போருக்கு மட்டும்.

அங்கே இன்னொரு முறையும் பரவியது. பிராணியைக் கொண்டுவந்தவர் மருத்துவமனை வாசலில் காருக்குள்ளேயே இருப்பார். பணியாளர் வந்து நாயை மட்டும் உள்ளே கொண்டுபோவார். மருத்துவர் தொலைபேசியில் பேசுவார். நல்ல முறைதான், தொற்று பரவாது. ஆனால், அங்கேயும் கார் இல்லாத ஏழை உண்டு. அவன் எங்கே காத்திருப்பான்? ஏற்பாடு செய்கிறவர் எந்த நாட்டுக்காரராயினும், தம்மைப்போல எல்லாரிடமும் கார் இருப்பதாகவே எண்ணிவிடுகிறார்!

தவறிய ஊசி

இனி, நம் குழந்தைகளைத் தொடும் செய்திக்கு வருவோம்.

2020 பிப்ரவரியில் பிறந்த நாய்க்குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதற்கு முதல் தடுப்பூசி போடவேண்டும். அது ஏப்ரலில் வருகிறது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அது மே மாதத்தில் வருகிறது. அதாவது, எந்த மாதங்களில் ஊசி போட்டாக வேண்டுமோ அந்த மாதங்களிலேதான் ஊர் அடைபட்டுக் கிடந்தது! முதல் ஊசி தவறினால் பார்வோ என்னும் நச்சுயிரி நோய் காத்திருக்கிறது. குட்டி வாந்தியெடுக்கும், இரத்தமாகக் கழியும். உடனே சிகிச்சை தராவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இது குட்டிக்கு ஆபத்து.

இரண்டாவது ஊசி தவறினாலோ ஆபத்து குட்டியோடு நிற்பதில்லை! உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் மாண்டுபோவதாக உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அந்தச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்! மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. கடிபட்டவரிலே நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோயின் குறி தெரிந்துவிட்டால், பிழைப்பவர் இல்லை என்றே கூறலாம்.

இந்த நோய்க்கு 1885இல் லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டார். 1907இலேயே நமது குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நூறாண்டுக்கு மேலாக நம்மிடம் அறிவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. நாய்க்குப் போடும் ஊசி நாய்க்கு மட்டுமா? தெருவிலே விளையாடும் நம் பிள்ளைக்குக் கவசம் அல்லவா? "நாயைப் பற்றியா பேச்சு" என்று கேட்ட தோழருக்கு இதுவே நம் பதில். நாம் பேசுவது நாயைப் பற்றி மட்டுமல்ல!

போபால் கூறும் பாடம்

மனித மருத்துவம் வேறு, மிருக மருத்துவம் வேறு, ஒன்றுக்குச் செலவிட்டால் மற்றதற்குக் குறையும் என்று எண்ணுவோரும் உண்டு. போபால் நகரிலே உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மாட்டுக்கும் கோழிக்கும் வரும் நோயை ஆராய்வது அதன் வேலை. 2020இல் மனிதரின் மாதிரிகள் குவிந்து ஆய்வுக்கூடங்கள் திணறியபோது, அந்த நிறுவனமும் கொரோனாப் பரிசோதனை செய்து கைகொடுத்தது. மிருகத்துக்காக வளர்த்த அறிவு மனிதனுக்கு உதவிற்று!

மறு ஆண்டு, 2021 சூன் மாதம். மீண்டும் ஊரடங்கு. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்கு நோய் கண்டது. பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் அதே போபாலுக்குப் போயின. ஒன்பதில் கொரோனா இருப்பதாக விடை வந்தது. சூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. சூன் 16 அன்று பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தது. மற்றவற்றைக் காக்க மருத்துவர்கள் பாடுபட்டனர். பாராட்டுகிறோம். சிங்கத்துக்குச் செய்தது மிகை என்று நாம் கூறமாட்டோம். வண்டலூரிலிருந்து போபாலுக்கு மாதிரி போக வழி கண்ட நிர்வாகத்தால், கண்ணகி நகரிலிருந்து வேப்பேரிக்கு ஒரு நாய் போக வழி காண முடியாதா? இதுதான் நம் கேள்வி.

வழியில்லாதவன் கைவைத்தியம் தேடினான். அதிலே கேடு வந்தது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கும். வலிக்கு நாம் போடும் இபுப்ரோபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அழிக்கும். அன்பினால் கொடுத்த மருந்தே எமனாகும்! தோழர்கள் இதை அவசியம் நினைவில் கொள்ளவேண்டும். அக்கம்பக்கத்தில் எடுத்துக் கூறவேண்டும்.

நாம் கேட்பது என்ன?

பெருந்தொற்று போய்விட்டது. இனி வராது என்று எவர் உறுதி கூறுவர்? தொற்று வராவிட்டால் வெள்ளம் வரும், புயல் வரும். வழி மறுபடி அடைபடும். அன்று யோசிப்பதைவிட இன்று யோசிப்பது நன்று.

ஒன்று: மருத்துவமனை திறந்திருக்கும் என்று எழுதுகிற அதே உத்தரவில், நோயுற்ற பிராணியுடன் போகிறவருக்கும் அவரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கும் தடையில்லை என்ற ஒரு வரியும் இருக்கவேண்டும். தமிழில் இருக்கவேண்டும், ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் போகவேண்டும்.

இரண்டு: ஊர்தி வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு இன்று இருக்கிறது. முதன்மையாக அது ஆடு மாடுகளுக்கு. நெருக்கடி நாளில் நகரத்துக் குடிசைப் பகுதிக்கும், அங்கே வாழும் நாய்க்கும் பூனைக்கும் அந்த ஊர்தி வரவேண்டும்.

மூன்று: ஊசியைத் தேடி நாய் போக முடியாத நாளில், நாயைத் தேடி ஊசி வரவேண்டும். வட்டந்தோறும் முகாம் நடத்தி வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும்.

நான்கு: தொலைபேசியில் கேட்டால் விடை கூற, மாவட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவராவது எந்நேரமும் இருக்கவேண்டும்.

கேட்பதோடு நம் வேலை முடிந்ததா? இல்லை. நமது படிப்பகங்களின் சுவரிலே அறிவிப்புப் பலகை இருக்கிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதி வைக்க எவர் அனுமதி வேண்டும்? தெருவிலே எத்தனை வீட்டில் நாய் இருக்கிறது, எந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க எவ்வளவு செலவாகும்? நாள் வந்ததும் நினைவூட்டவும், ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவரை அழைத்து ஏற்பாடு செய்யவும் நம்மால் முடியாதா?

முடியும் தோழர்களே! அடுத்த முறை ஊர் அடைபடும் நாளில், "மருத்துவமனை திறந்துதான் இருந்தது" என்று எவரும் கணக்குக் காட்டித் தப்ப நாம் இடம் தரக்கூடாது. "அங்கே போக ஏழைக்கு வழி இருந்ததா?" என்று கேட்போம். விடை வரும்வரை கேட்போம்!