மூதூர்த் தமிழை இயந்திரம் படித்திருக்கிறதா?

நீரிழிவைக் கண்டுபிடிக்க இரத்தச் சோதனை உண்டு. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ காட்டித்தரும் அப்படியொரு சோதனை இன்னும் இல்லை. நோயாளி பேச, வைத்தியர் கேட்கிறார். நோய் எதுவென்பது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் தெளிவாகிறது. செயற்கை நுண்ணறிவும் பேச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறது. உளப்பிறழ்வு வரக்கூடிய 34 இளையோரின் ஆங்கிலப் பேச்சைக் கணினி அலசிய ஆய்வொன்று 2015இல் வெளியானது. பின்னர் நோய்வாய்ப்பட்ட 5 பேரையும் கணினி பிழையின்றிப் பிரித்துக் காட்டியிருந்தது. அடுத்தடுத்த வாக்கியங்களின் பொருள் எவ்வளவு ஒட்டுகிறது, கிளைவாக்கியங்களைத் தொடுக்கும் தனிச்சொற்கள் எத்தனை என்பவை அதன் அளவுகோல்கள். தமிழில் அந்தத் தொடுப்பு ‘வந்த’, ‘வந்து’ என வினைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அந்த அளவுகோலை இங்கு எதன்மேல் வைப்பது?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக்குடாவைச் சுற்றியுள்ள ஊர்கள் 2004 டிசம்பர் 26இல் கடல்கோளைக் கண்டவை. 2006இல் மூதூரும் சம்பூரும் போரால் இடம்பெயர்ந்தன. இங்கே துயரம் பலவேளை உடம்பின் வழியாகவே பேசும்: ‘நெஞ்சு பாரமாக் கிடக்கு’, ‘பெருமூச்சு வருது’. போர் தந்த மனவடு தமிழரிடம் இப்படி உடல் உபாதையாக வெளிப்படுவதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். ஆங்கிலத்தில் பழகிய கருவிக்குப் பெருமூச்சு வெறும் சுவாசக் கோளாறாகிவிடலாம். பேச்சை அலசாத கணிப்பும் இடம் மாறினால் தடுமாறுகிறது. மனச்சிதைவு மருந்துச் சோதனைகளை வைத்து உருவாக்கிய கணிப்பு மாதிரிகள், தாம் பழகிய சோதனைக்குள் நன்றாகக் கணித்தும், வேறு சோதனைகளின் நோயாளிகளிடம் நாணயம் சுண்டியதற்கு மேல் தேறவில்லையென 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

உளமருத்துவர் அரிதான மாவட்டத்தில் ஏதாவதொரு கருவி இருப்பது நல்லதுதானே என்பார்கள். வலுவான வாதம், காத்திருப்பின் வலியை அறிந்தவர்கள் சொல்வது. ஆனால் ‘நோயில்லை’ என்று தவறாகச் சொல்லும் கருவி, உதவி தேடி வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது; அது ஒன்றும் இல்லாததைவிட மோசம். ஆகவே முதலில் யாரை வைத்தியர் பார்க்கவேண்டும் என்று வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்கு நினைவூட்டுவதோடு அதன் வேலை நிற்கட்டும். வைத்தியரும் பிழைவிடுவார், உண்மைதான். அவர் ‘பாரம் எண்டா எப்படி இருக்கு?’ என்று திருப்பிக் கேட்பார். இயந்திரமும் கேட்கலாம், ஆனால் எதைக் கேட்பது என்பதும் அது படித்த பேச்சிலிருந்தே வரும்.

அந்தப் பேச்சைக் கிண்ணியா முஸ்லிம்களின் தமிழிலும், மூதூர்த் தமிழரின் தமிழிலும், மாவட்டத்துச் சிங்களத்திலும் சேர்த்து, இங்குள்ள வைத்தியர்களின் தீர்ப்போடு ஒப்பிட்டுச் சோதித்தபின்தான் கருவியைக் கிளினிக்குக்குள் விடவேண்டும். சேர்ப்பதும் இலேசான காரியமல்ல. போருக்குள் வாழ்ந்தவரிடம் ‘உங்கள் குரலைப் பதிவுசெய்யலாமா?’ என்று கேட்கும்போது, அந்தப் பதிவு யார் கையில் இருக்கும், எத்தனை காலம் இருக்கும், ‘அழித்துவிடுங்கள்’ என்றால் யார் அழிப்பார் என்பதையும் அதே மூச்சில் அவருடைய மொழியில் சொல்லவேண்டும்.