பாட்டைப் படமாக்கிய ஓவியர்கள்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் என்ற பகுதி இருக்கிறது. பாடலீசுவரர் கோயில் உள்ள இடம். அதன் அருகே ஓர் ஊர். பெயர் கரையேறவிட்ட குப்பம்.

வேடிக்கையான பெயர் அல்லவா? கரையேறியவர் யார்? அப்பர் பெருமான். பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளச் செய்தான். அப்பர் பதிகம் பாடினார். கல் தெப்பமாக மிதந்து வந்து அவரைக் கரை சேர்த்தது. இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இதைப் படமாக வரையச் சொன்னால் எப்படி வரைவீர்கள்? ஒரே படத்தில் அடங்காது. மன்னன் ஆணையிடுவது ஒரு படம். கல்லில் கட்டுவது ஒரு படம். கடலில் மிதப்பது ஒரு படம். கரையில் மக்கள் கூடி வரவேற்பது ஒரு படம். ஆக, நாலு படம் வேண்டும்.

பத்திரிகையில் கட்டம் கட்டமாகப் படக்கதை வருகிறதே, அதே வழிதான். ஆனால் இது நேற்று வந்த வழி அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஓவியர்கள் இதைக் கையாண்டிருக்கிறார்கள்.

இருட்டில் இருந்த சித்திரம்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர் எஸ். கே. கோவிந்தசாமி. 1931-ஆம் ஆண்டில் அவர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட வழியில் நுழைந்து பார்த்தார். சுவரில் நாயக்கர் காலத்துச் சித்திரம் இருந்தது. சில இடங்களில் அது உதிர்ந்திருந்தது. உள்ளே பார்த்தால் இன்னொரு சித்திரம்! அது சோழர் காலத்தது. 1010-ஆம் ஆண்டை ஒட்டி முடிந்த கோயில் அது.

அந்தச் சுவரில் சுந்தரர் கதை இருக்கிறது. கல்யாண வீட்டில் சமையல் நடக்கிறது. ஒரு கிழவர் வருகிறார். ஒரு கையில் ஓலை. மறு கையில் குடை. "இவன் எனக்கு அடிமை" என்று சபையில் வழக்காடுகிறார். வந்தவர் சிவபெருமானே. பிறகு எல்லோரும் திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலுக்குள் போகிறார்கள். கடைசியில் சுந்தரர் யானை மேலும், சேரமான் பெருமாள் குதிரை மேலும் கயிலைக்குப் போகிறார்கள்.

இந்த ஓவியர் பெரிய புராணத்தைப் பார்த்து வரைந்தாரா? இல்லை. சேக்கிழார் அதைப் பாடியது நூறு ஆண்டுகளுக்கும் பின்னால்தான்! அப்படியானால் ஓவியருக்குக் கதை எங்கே கிடைத்தது? சுந்தரரின் பாட்டுக்கள் அப்போதே இருந்தன. கயிலைக்குப் போக இறைவன் தமக்கு யானை தந்ததைச் சுந்தரரே ஒரு பதிகத்தில் பாடியிருக்கிறார். மற்றதை மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்தார்கள். பாட்டில் வந்த யானை சுவரில் நடக்கிறது.

ஈரம் காய்வதற்குள்

இந்த வேலை எளிதல்ல. சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். அப்போதுதான் வண்ணம் சுண்ணாம்போடு ஒட்டிக் கெட்டிப்படும். மஞ்சளும் சிவப்பும் மண்ணிலிருந்து வந்தன. கறுப்பு விளக்குக் கரி. வெள்ளை சுண்ணாம்பு.

கை ஓடுவதற்கு முன் மனம் ஓட வேண்டும். பாட்டில் எதை எடுப்பது, எதை விடுவது? ஓவியர் எல்லாவற்றையும் வரையவில்லை. கிழவர் நடந்து வந்த வழியெல்லாம் அங்கே இல்லை. ஓலையும் குடையும் போதும் என்று விட்டார். மீதியைப் பாட்டுத் தெரிந்தவர்கள் தாமே நிரப்பிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு.

சிதம்பரத்துக் கூரை

சேக்கிழார் பெரிய புராணம் பாடியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. அதன் பிறகு இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் கோயிலில், நாயன்மார் கதைகளைச் சிறு சிறு கற்களில் வரிசையாகச் செதுக்கினார்கள்.

சிதம்பரத்திலேயே சிவகாமியம்மன் சந்நிதிக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். முன் மண்டபக் கூரையில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. பிட்சாடனர் கதை வரிசை வரிசையாக வருகிறது. திருவாசகம் பாடிய மாணிக்கவாசகர் கதையும் உண்டு. படத்தோடு தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் படத்தைப் பார்த்தார். தெரிந்தவர் எழுத்தைப் படித்துப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னார்.

பாட்டு மறந்தால்?

வண்ணம் உதிர்ந்தால் காப்பாற்ற அறிஞர்கள் இருக்கிறார்கள். பாட்டு மறந்தால் யார் காப்பாற்றுவது? கதை தெரியாதவருக்குத் தஞ்சைக் கிழவர் குடை பிடித்த ஒரு கிழவர்தான். சுவரில் எல்லாம் இருக்கும். ஆனால் படம் ஊமையாகிவிடும்.

அதைத் தடுப்பது நம் வீட்டிலேயே முடியும். அடுத்த விடுமுறை நாளில் பாட்டியிடம் அப்பர் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பதிகம் தெரிந்தால் பாடவும் சொல்லுங்கள். குழந்தையிடம் ஒரு காகிதம் கொடுங்கள். அதில் நாலு கட்டம் போடச் சொல்லுங்கள். எந்த நாலு காட்சி என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதட்டும். புதிதாக எழுத்துக் கற்ற பெரியவர்களும் எழுதலாம்.

பிறகு குழந்தையைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தக் கூரையைக் காட்டுங்கள். "நான் செய்ததைத்தானே இவரும் செய்திருக்கிறார்!" என்று அது சொல்லும். அன்று அந்தப் படம் மறுபடியும் பேசத் தொடங்கும்.