கதை வேறு, காணி உறுதி வேறு

பொன்னியின் செல்வன் திரைப்படமாக வந்ததன் பின்னர் எமது ஊர்களில் கல்கியையும் சாண்டில்யனையும் தேடி வாசிக்கும் இளைஞர்கள் மீண்டும் கண்ணில் படுகிறார்கள். பாடசாலை நூலகம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த காலத்திலும் நான் இதைக் கண்டிருக்கிறேன். அட்டை கழன்று நூலால் கட்டி வைக்கப்பட்ட புத்தகங்களில் பெரும்பாலானவை சரித்திர நாவல்களாகவே இருக்கும். அவற்றைத் திருப்பிக் கொடுக்க வரும் பிள்ளைகள் சிலர் கூடவே ஒரு கேள்வியையும் கொண்டு வருவார்கள். சோழ நாட்டில் இவ்வளவு நடந்திருக்கிறதே, எங்கட வாவிக்கரையில் ஒன்றும் நடக்கவில்லையா சேர் என்பார்கள்.

நடந்திருக்கிறது. அதைச் சொல்வது இக்கட்டுரையின் ஒரு நோக்கம். சரித்திரக் கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் பேசுவது மற்றையது. மட்டக்களப்பில் வாழும் எமக்கு இந்த இரண்டாவது விடயம் வெறும் இலக்கிய விவகாரம் அல்ல.

சரித்திர நாவல் எப்படி இயங்குகிறது?

ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்கொட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வகை நாவலுக்கு ஓர் அச்சு வார்த்துக் கொடுத்தார். உண்மையான அரசர்கள், உண்மையான போர்கள், அவற்றுக்கு நடுவே கற்பனையான ஒரு வீரன், ஒரு காதல், ஒரு சதி. 1825இல் வெளியான அவரது 'தலிஸ்மன்' நாவல் சிலுவைப் போர்க் காலத்தைப் பற்றியது. அதில் சுல்தான் சலாஹுத்தீன் ஹக்கீம் வேடத்தில் வந்து, நோயுற்ற ரிச்சர்ட் மன்னனுக்கு வைத்தியம் செய்கிறார். வாசிக்கச் சுவையான இடம். ஆனால் சலாஹுத்தீனும் ரிச்சர்ட்டும் வாழ்நாளில் ஒருவரையொருவர் நேரில் சந்திக்கவேயில்லை. நோயுற்றிருந்த எதிரிக்குச் சுல்தான் பழங்களும் பனிக்கட்டியும் அனுப்பினார் என்பதுதான் வரலாற்றில் உள்ளது. அந்தச் சிறு விதையிலிருந்து ஸ்கொட் ஒரு மரத்தையே வளர்த்தார்.

கல்கி செய்ததும் இதுவே. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதற்கு உடையார்குடிக் கல்வெட்டு சாட்சி. குற்றவாளிகளின் பெயர்களும் அதில் உள்ளன. ஆனால் நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை, பூங்குழலியும் இல்லை. வரலாறு மௌனமாக இருக்கும் இடத்தில் நாவலாசிரியர் பேசுகிறார். அது அவரது உரிமை. எது கல்வெட்டு, எது கல்கி என்று பிரித்தறிவது வாசகரின் கடமை.

இந்த வாசிப்பு எமது சமூகத்துக்குப் புதியதும் அல்ல. தமிழ் முஸ்லிம் புலவர்கள் 'படைப்போர்' என்று ஒரு தனி இலக்கிய வகையையே வளர்த்தார்கள். வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர் 17ஆம் நூற்றாண்டில் பிறந்தது. குதிரைகளும் வாள்களும் கோட்டை முற்றுகைகளும் நிறைந்த அந்தப் பாடல்களில் வரலாறும் கற்பனையும் கலந்தே இருந்தன. 1885இல் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. மிஸ்ரு தேசத்தின் உயர்குடியில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்படும் ஒருவனின் சாகசக் கதை அது.

வாவி கண்ட அரசியல்

இனி எமது வாவிக்கு வருவோம். 1602 மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துக் கப்பல் தலைவர் மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டார். போர்த்துக்கேயரை விரட்டத் துணை தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் விமலதர்மசூரியன் அவரை மலைநாட்டுக்கு அழைத்து உபசரித்தான். அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. கடலில் பிடித்த போர்த்துக்கேயரைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி மன்னன் கேட்டிருக்க, அவர் அவர்களை விடுவித்துவிட்டார். வாக்குவாதத்தில் அரசியைப் பற்றியும் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்கிறார்கள். 1603இல் அவரும் அவருடன் கரையிறங்கியவர்களில் பலரும் மட்டக்களப்பில் வைத்தே கொல்லப்பட்டனர். வெற்றிக் கூட்டணியாகத் தொடங்கிய உறவு ஒரே விருந்தில் இரத்தமாகியது. எந்த நாவலாசிரியருக்கும் இதைவிட நல்ல அத்தியாயம் கிடைக்காது.

விமலதர்மசூரியனுக்குப் பின் வந்த செனரத் மன்னனின் காலம்தான் எமக்கு நெருக்கமானது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டவர்களுக்குச் செனரத் அடைக்கலம் கொடுத்து, 4,000 பேரை மட்டக்களப்பில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸ் பதிவு செய்திருக்கிறார். அவர் தமது நூலை எழுதி முடித்தது சுமார் 60 ஆண்டுகளுக்குப் பின்னர், 1687இல்.

1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பல்லாண்டுகள் கச்சேரி இயங்கிய அதே கோட்டைதான். 1638 மார்ச்சில் கண்ணொறுவையில் போர்த்துக்கேயப் படையைச் செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் அழித்தான். அதே ஆண்டு மே 18இல் ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்டிடம் புளியந்தீவுக் கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாட்களின் பின் மட்டக்களப்பில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கைப்பற்றும் கோட்டைகளில், அரசன் விரும்பினால் மட்டும், ஒல்லாந்துப் படை நிற்கும் என்பது மன்னனிடம் இருந்த பிரதியின் வாசகம். 'அரசன் விரும்பினால்' என்ற சொற்கள் ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

வாய்மொழிக் கதையும் ஊர்ப் பெயர்களும்

இவை எழுத்தில் உள்ளவை. இவற்றைவிட எமது ஊர்களில் பிரபலமானது எழுத்தில் தேதியிட முடியாத ஒரு கதை. முக்குவருக்கும் திமிலருக்கும் வாவிக்கரையின் ஆதிக்கத்துக்காகப் பெரும் சண்டை மூண்டது. பட்டாணியர் எனப்படும் முஸ்லிம் வீரர்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள். திமிலர் வடக்கு நோக்கித் துரத்தப்பட்டார்கள். உதவிக்குப் பிரதியுபகாரமாக முஸ்லிம்களுக்குக் காணியும் பெண்ணும் கொடுக்கப்பட்டன. சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி ஆகிய பெயர்களுக்கெல்லாம் இந்தச் சண்டையிலிருந்தே விளக்கம் சொல்வார்கள். சத்துருவை வென்ற இடம், வந்து ஆறிய மூலை, சந்தித்த வெளி என்று கதை பாதையோரமாகவே நடந்துபோகும்.

கேட்க இனிமையானது. ஆனால் ஒரு பெயர் நிலைத்த பின்னர் அதற்குப் பொருத்தமான கதை பிறப்பது உலகெங்கும் காணப்படும் வழமை. ஊர்ப் பெயரை மட்டும் வைத்து ஒரு போரை நிரூபிக்க முடியாது.

சிக்கல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. அடிப்படையில் இது நட்பின் கதை, சம்பந்தக் கலப்பின் கதை. ஆனால் காணிப் பிரச்சினை வரும்போது இதே கதை இரண்டு எதிரான வழக்குகளுக்குச் சாட்சியாக அழைக்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நாங்கள் வாளெடுத்ததால்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஒரு தரப்பு. நாங்கள் இடம் தந்ததால்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று மறு தரப்பு. 1626 பற்றிய குறிப்புக்கும் இதே கதிதான். அதை வைத்து முஸ்லிம்களை வந்தேறிகள் என்பார் ஒருவர். அதற்கு முன்பே இருந்தோம் என்று கற்பனை வீரர்களை வரிசைப்படுத்துவார் எம்மவர் ஒருவர்.

இந்தப் பேச்சின் விலையை நாம் அறிவோம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எமது மக்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். பழங்கதையில் ஒரே அணியாக நின்றவர்களின் ஊர்கள் இவை. அந்தக் கொலைகளுக்குக் கதைகள் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் முதலில் வந்தவர், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு எங்கு போய் முடியக்கூடும் என்பதை மறந்துவிட்டு இக்கதைகளைச் சொல்லக் கூடாது.

எழுத நினைப்பவர்களுக்கு

வாவிக்கரையைப் பற்றிச் சரித்திர நாவல் எழுத ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கு மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, சோழ நாட்டு அச்சை அப்படியே இங்கு கொண்டுவராதீர்கள். அங்கு தந்தைக்குப் பின் மகன் என்பதில்தான் சதிகள் பிறக்கின்றன. முக்குவர் வழமையிலோ சொத்தும் பதவியும் தாய்வழியில் இறங்கின. தாய்மாமனுக்குப் பின் சகோதரியின் மகன். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்பது தாயின் குடியே. பள்ளிவாசல் மரைக்காயர்கள்கூடக் குடிவாரியாகத் தெரிவானார்கள். இன்றும் எமது பக்கத்தில் வீடு மகளுக்கே போகிறது, மாப்பிள்ளைதான் மனைவியின் வீட்டுக்குப் போகிறார். இப்படியான சமூகத்தில் ஓர் அதிகாரப் போட்டி எப்படி நடக்கும் என்று யோசியுங்கள். அங்கே பெண்கள் வெறும் காதலிகளாக இருக்க முடியாது.

இரண்டாவது, தோற்றவர் பக்கமிருந்தும் எழுதிப் பாருங்கள். திமிலரின் வாயால் இந்தக் கதையை நான் ஒருபோதும் கேட்டதில்லை. துரத்தப்பட்ட இரவில் அவர்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்? 1626இல் குழந்தைகளோடு புறப்பட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கும், 1990இல் வீட்டை விட்டுப் போன எவருக்கும் அந்தக் கேள்வி புரியும்.

மூன்றாவது, நூலின் முடிவில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, எது பதிவில் உள்ளது, எது வாய்மொழி, எது உங்கள் கற்பனை என்று வெளிப்படையாக எழுதுங்கள். வாசகருக்குச் சுவை குறையாது. நாளை ஒரு காணிக் கூட்டத்தில் யாரும் உங்கள் நாவலை ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது.

1626இல் வந்தவரின் வாரிசாக இருந்தாலும், அதற்கு முன் வந்தவரின் வாரிசாக இருந்தாலும், இந்த மண்ணில் வாழும் உரிமை எவருக்கும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. காணிப் பிணக்கை உறுதியும் அனுமதிப்பத்திரமும் சட்டமும் கொண்டு, இரு சமூகப் பெரியவர்களும் ஒரே மேசையில் இருந்து பேசித் தீர்க்க வேண்டும். பட்டாணியரின் வாள் கதையில் நன்றாகவே சுழலட்டும், அதைப் பிள்ளைகள் விடிய விடிய வாசிக்கட்டும். காணிக் கூட்டத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோக வேண்டாம்.