மேடையில் ஒரு பேச்சு, மசோதாவில் ஒரு பிரிவு

டாலரும் ஓட்டும் - 9

2007 ஜூன் மாதக் கடைசி. நியூயார்க்கில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் நிதிக்காக ஒரு கூட்டம். ஓர் இருக்கைக்கு 4,600 டாலர். அன்றைய சட்டப்படி ஒரு வேட்பாளருக்குத் தனிநபர் தரக்கூடிய அதிகபட்சத் தொகையே அதுதான்: கட்சிக்குள் நடக்கும் போட்டிக்கு 2,300, பொதுத்தேர்தலுக்கு 2,300. பணத்தைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் வாரன் பஃபெட் தன் வரிக் கணக்கைச் சொன்னார். முந்தைய ஆண்டு வருமானம் 4.6 கோடி டாலர். வரியைக் குறைக்க எந்த வித்தையும் செய்யவில்லை. ஆனாலும் கட்டியது 17.7 சதவீதம்தான். அவருடைய செயலாளருக்கு ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர். அவர் கட்டியதோ 30 சதவீதம். இங்கே இருக்கும் நாம் எல்லோரும் நம் அலுவலக வரவேற்பாளரைவிட, துப்புரவுப் பெண்ணைவிடக் குறைந்த விகிதத்தில்தான் வரி கட்டுகிறோம் என்றார் பஃபெட்.

பேச்சு உலகம் முழுக்கச் செய்தியானது. அது பேசப்பட்ட இடம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ஏற்றத்தாழ்வு பற்றிய ஒப்புதல் வாக்குமூலத்தைக் கேட்பதற்கே நுழைவுக் கட்டணம் 4,600 டாலர்!

அதே மாதத்தில் லண்டனிலும் இதேபோல் ஒன்று நடந்திருந்தது. கம்பெனிகளை வாங்கி விற்கும் பிரைவேட் ஈக்விட்டி தொழிலின் பெரிய மனிதர்களில் ஒருவரான நிக்கோலஸ் ஃபெர்குசன், ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையிடம் மனம் திறந்தார். எங்கள் தொழிலில் கோடிகளைச் சம்பாதிப்பவர்கள் துப்புரவுப் பெண்ணைவிடக் குறைவாக வரி கட்டுகிறார்கள், சாதாரண புத்தி உள்ள யாரும் இதைச் சரி என்று சொல்ல மாட்டார்கள் என்றார். இவர் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல. அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர்.

இரண்டு நாடுகள், ஒரே மாதம், கிட்டத்தட்ட ஒரே வாக்குமூலம். அதன்பின் நடந்தது மட்டும் ஒன்றல்ல.

முதலில், இவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று பார்த்துவிடலாம். பஃபெட்டின் பேச்சு பொதுவானது. ஃபெர்குசன் குறிவைத்தது ஒரு குறிப்பிட்ட சலுகையை. அதை அமெரிக்காவில் ‘கேரிட் இன்ட்ரஸ்ட்’ என்பார்கள். ஓய்வூதிய நிதிகளும் பல்கலைக்கழகங்களும் பெரும் பணக்காரர்களும் பணம் போட, 100 கோடி டாலரில் ஒரு ஃபண்ட் தொடங்குகிறது என்று வையுங்கள். அதை நிர்வகிப்பவர்கள் ஆண்டுக்கு 2 சதவீதம் கட்டணம் எடுப்பார்கள். கம்பெனிகளை வாங்கி, மாற்றியமைத்து, விற்று 50 கோடி லாபம் வந்தால் அதில் 20 சதவீதம், அதாவது 10 கோடி, அவர்களுக்கு. முதல் போட்டவர்கள் வேறு; இவர்கள் போட்டது பெரும்பாலும் உழைப்பும் மூளையும்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அடுத்தவர் நிலத்தில் உழுது, விளைச்சலில் ஐந்தில் ஒன்றை வாரமாக வாங்குகிறார்கள். அந்த வாரத்தை உழைப்புக்கான கூலி என்று கணக்கெழுதினால் இன்றைய அமெரிக்க உச்ச விகிதப்படி 37 சதவீதம் வரி. நிலத்தின் லாபம் என்று எழுதினால் 20 சதவீதம். சட்டம் இரண்டாவதாக எழுத அனுமதிக்கிறது. 10 கோடியில் 1.7 கோடி டாலர் மிச்சம்.

லண்டனுக்கு வருவோம். பிரிட்டனில் அப்போது, தொழில் சொத்தை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 10 சதவீதம் வரி கட்டினால் போதும் என்று ஒரு சலுகை இருந்தது. தொழில் தொடங்குபவர்களுக்காகக் கொண்டுவந்ததில் ஃபண்ட்காரர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். ஃபெர்குசன் பேசிய நான்கே மாதத்தில், அக்டோபர் 2007-ல், நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 18 சதவீதம் என்றார். புரட்சி ஒன்றுமில்லை, சம்பளத்துக்கான உச்ச வரி அப்போது 40 சதவீதம். சிறு வியாபாரிகள் சத்தம் போட்டதும் அவர்களுக்கென்று புதிதாக ஒரு சலுகையும் கொடுத்தார். ஆனாலும் ஏதோ நகர்ந்தது. பின்னாளில் ஃபண்ட்காரர்களுக்கு அந்த வரி 28 சதவீதமாகி, 2025 ஏப்ரலில் 32 ஆனது.

பிரிட்டனில் மட்டும் ஏன் நகர்ந்தது? அங்கே ஆளுங்கட்சி நிதியமைச்சர் நினைத்தால் மசோதா நிறைவேறிவிடும். அமெரிக்க செனட்டில் போல அறுபது ஓட்டுக்கு அலைய வேண்டியதில்லை. இது ஒரு காரணம். தொலைக்காட்சியில் அரசியல் விளம்பரத்தை விலைக்கு வாங்க முடியாது, கட்சிகளின் தேர்தல் செலவுக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது என்பது இன்னொன்று. அங்கேயும் பணக்காரர்கள் கட்சிகளுக்குக் கொட்டிக்கொடுக்கிறார்கள்தான். ஆனால், செலவழிக்க வரம்பு இருக்கும் இடத்தில் கொடுப்பவரின் பிடியும் அந்த அளவுக்குத்தான். என் கணிப்பில் இந்த இரண்டாவது காரணம் சிறியதல்ல.

வாஷிங்டனில் 2007-ல் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. அந்த ஜூனிலேயே மிச்சிகன் உறுப்பினர் சாண்டர் லெவின் மசோதா கொண்டுவந்தார். லியோ ஹிண்டரி என்ற பிரைவேட் ஈக்விட்டிக்காரரே நாடாளுமன்றக் குழு முன் வந்து, இந்தச் சலுகைக்கு நியாயமே இல்லை, எடுத்துவிடுங்கள் என்று சாட்சி சொன்னார். பிரதிநிதிகள் சபை 2007-க்கும் 2010-க்கும் இடையே இதை ஒருமுறைக்கு மேல் நிறைவேற்றியது. ஒவ்வொரு முறையும் செனட்டில் செத்தது. நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி செனட்டர் சக் ஷூமர், எண்ணெய், ரியல் எஸ்டேட் கூட்டுத் தொழில்களையும் சேர்க்காமல் வால் ஸ்ட்ரீட்டை மட்டும் தனியாகப் பிடிப்பது சரியல்ல என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கட்சியின் செனட் வேட்பாளர்களுக்கு நிதி திரட்டும் குழுவுக்கு அப்போது அவர்தான் தலைவர்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் பொதுவாக வாயைத் திறப்பதில்லை. திறந்தபோது மாட்டிக்கொண்டார்கள். 2010-ல் பிரைவேட் ஈக்விட்டி நிறுவனமான பிளாக்ஸ்டோனின் அதிபர் ஸ்டீஃபன் ஷ்வார்ஸ்மன் ஒரு கூட்டத்தில், இந்த வரி முயற்சியை 1939-ல் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்ததோடு ஒப்பிட்டுவிட்டார். செய்தி வெளியே வந்ததும் ஒப்பீட்டுக்கு மன்னிப்புக் கேட்டார். அவர் பேச்சு நாறிப்போனது. வரிச் சலுகைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பஃபெட்டை உலகமே பாராட்டியது. அவர் கேட்டது எதுவும் நடக்கவில்லை. பேச்சில் யார் ஜெயித்தார் என்பதற்கும் சட்டத்தில் யார் ஜெயித்தார் என்பதற்கும் இங்கே சம்பந்தமே இல்லை.

பஃபெட் 2011 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் மறுபடி எழுதினார். இந்த முறை அவர் கணக்கு: சுமார் 69 லட்சம் டாலர் வரி, வருமானத்தில் 17.4 சதவீதம். அவருடைய அலுவலகத்தின் மற்ற இருபது பேர் கட்டியது சராசரியாக 36 சதவீதம். அதிபர் ஒபாமா இதைப் பிடித்துக்கொண்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர் குறைந்தது 30 சதவீதம் கட்ட வேண்டும் என்று ‘பஃபெட் விதி’ கொண்டுவந்தார். 2012 ஏப்ரலில் செனட்டில் ஆதரவு 51, எதிர்ப்பு 45. விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே அறுபது வேண்டும். அத்தோடு சரி.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. அவ்வளவு உறுத்தினால் நீங்களே ஒரு செக் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டியதுதானே என்று குடியரசுக் கட்சியினர் கிண்டல் செய்தார்கள். அமெரிக்க அரசுக்கு நன்கொடை வாங்கும் கணக்கு 1843-லிருந்தே இருக்கிறது. வரிப் படிவத்திலேயே நன்கொடைக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று செனட்டர் ஜான் தூன் மசோதாவே கொண்டுவந்தார். பஃபெட் சளைக்கவில்லை. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் எவ்வளவு கொடுத்தாலும் அதே தொகையை நானும் கொடுக்கிறேன், அவர்களின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் கொடுத்தால் மூன்று மடங்கு என்றார். முன்வந்தவர் வர்ஜீனியாவின் ஸ்காட் ரிஜல். தன் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தார். பஃபெட் ஈடாக 49,000 டாலருக்கு செக் அனுப்பினார். அன்றைய அமெரிக்கக் கடன் 15 லட்சம் கோடி டாலர்.

கிண்டலுக்குப் பதில் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆள் மனமுவந்து தருவதை வைத்து அரசு நடத்த முடியாது. வரி என்பது விதி. ஆனால், பஃபெட்டின் வாதத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அதை அவருடைய எதிரிகள் கண்டுபிடிக்கவில்லை.

2021 ஜூனில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், கசிந்த வரி ஆவணங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டது. 2014 முதல் 2018 வரை பஃபெட்டின் சொத்து 2,430 கோடி டாலர் கூடியது. அந்த ஐந்தாண்டில் அவர் கட்டிய வரி 2.37 கோடி டாலர். சொத்து நூறு டாலர் வளர்ந்தால் பத்து சென்ட். இதில் சட்டமீறல் ஏதும் இல்லை. அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனம் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுப்பதில்லை. பங்கை விற்றால்தான் லாபம் ‘வருமானம்’ ஆகும். விற்காமல் வைத்திருந்தால் மலைபோல் வளர்ந்தாலும் வரிப் படிவத்தில் தெரியாது. அவர் பெயரில் வந்த அந்த 30 சதவீத விதி அன்றே நிறைவேறியிருந்தாலும் இந்த 2,430 கோடியைத் தொட்டிருக்காது. புரோபப்ளிகா கேட்டபோது அவர் தந்த விளக்கத்தின் சாரம், என் சொத்தில் கிட்டத்தட்ட முழுவதும் தர்மத்துக்குப் போகிறது, அரசின் கடனைக் கொஞ்சம் குறைப்பதைவிட அதுதான் சமூகத்துக்கு உபயோகம் என்பது. பணத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை, கடைசிவரை, பணம் வைத்திருப்பவரிடமே!

பஃபெட்டைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரிசு வரி வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிவருபவர். தன் வருமானக் கணக்கை ஊரறிய எடுத்து வைத்த கோடீஸ்வரர்கள் எத்தனை பேர்? ஆனால், எந்தக் கணக்கை எடுத்து வைப்பது என்பதை அவரே தீர்மானித்தார்.

சிலர் பேச்சோடு நிற்காமல் பணத்தையும் இறக்கினார்கள். 2010-ல் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்த பிறகு, தேர்தலில் வரம்பின்றிச் செலவழிக்கும் ‘சூப்பர் பேக்’ அமைப்புகள் முளைத்தன (அந்த வழக்கின் கதை அடுத்த வாரம்). நிதியாளர் ஜொனாதன் சோரோஸ் 2012-ல் ஒரு சூப்பர் பேக் தொடங்கினார். நோக்கம், அரசியலில் பணத்தின் செல்வாக்கைக் குறைப்பது! 2014-ல் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் இன்னும் பெரிதாக ஒன்று தொடங்கி, ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அவர் ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள்.

கேரிட் இன்ட்ரஸ்டின் பிந்தைய கதைக்கு வருவோம். 2015-ல் டொனால்டு டிரம்ப், ஹெட்ஜ் ஃபண்ட்காரர்கள் வரியில் தப்பிக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை திட்டினார். ஹிலாரியும் இந்தச் சலுகையை ஒழிப்பேன் என்றார். யார் வந்தாலும் ஒழிந்துவிடும் என்ற நிலை. டிரம்ப் வந்தார், 2017 வரிச் சட்டம் வந்தது. சலுகை கிடைக்க ஓராண்டு காத்திருந்தவர்கள் இனி மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். பிரைவேட் ஈக்விட்டிக்காரர்கள் ஒரு கம்பெனியை வாங்கினால் பெரும்பாலும் அதைவிட அதிக காலம் வைத்திருந்துதான் விற்பார்கள். வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் கேரி கோன், இருபத்தைந்து முறை முயன்று பார்த்திருப்போம், நாடாளுமன்றத்தில் நடக்கவில்லை என்றார். கோன் அதற்கு முன் கோல்ட்மேன் சாக்ஸின் தலைவராக இருந்தவர், அவராலேயே முடியவில்லை.

2022-ல் மூன்று ஆண்டை ஐந்தாக்கும் பிரிவு, பைடன் அரசின் பெரிய மசோதாவில் இடம்பெற்றது. கொண்டுவந்தவர்களில் ஒருவர் அதே சக் ஷூமர், அப்போது செனட் பெரும்பான்மைத் தலைவர். செனட் ஐம்பதுக்கு ஐம்பது என்று பிரிந்திருந்தது. அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா அந்தப் பிரிவை எடுக்காமல் ஓட்டுப் போட மாட்டேன் என்றார். எடுத்தார்கள். முந்தைய ஓராண்டில் பிரைவேட் ஈக்விட்டி, ஹெட்ஜ் ஃபண்ட், வென்ச்சர் கேபிடல் ஆட்களிடமிருந்து அவருக்கு வந்த நன்கொடை சுமார் பத்து லட்சம் டாலர் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் கணக்கிட்டது. நன்கொடைக்கும் தன் முடிவுக்கும் தொடர்பில்லை என்பது அவர் தரப்பின் பதில்.

அடுத்த கணக்குதான் சுவாரசியமானது. நீக்கப்பட்ட பிரிவு பத்து ஆண்டுகளில் தரும் என்று மதிப்பிட்ட தொகை 1,400 கோடி டாலர். அதற்குப் பதிலாக, கம்பெனிகள் தங்கள் பங்குகளையே திரும்ப வாங்கும்போது ஒரு சதவீத வரி என்று சேர்த்தார்கள். அதன் மதிப்பு 7,400 கோடி. சின்ன வரியை எடுத்து ஐந்து மடங்கு பெரிய வரியை வைத்ததற்குப் பெரிய அலறல் எழவில்லை. பின்னது ஆயிரக்கணக்கான கம்பெனிகள் மீதும் கோடிக்கணக்கான பங்குதாரர்கள் மீதும் பரவி விழும். தனியாக யாருக்கும் வலிக்காது. முன்னது ஒரு சிறு கூட்டத்தின் சட்டைப் பையில் நேராகக் கைவைக்கும். அவர்களுக்கு செனட்டர்களின் பெயர் தெரியும், அவர்களின் போனை எடுக்க ஆள் உண்டு.

2025 பிப்ரவரியில் டிரம்ப் மீண்டும் இந்தச் சலுகையை மூட வேண்டும் என்றார். ஜூலை 4 அன்று அவர் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தில் அதற்கான பிரிவு இல்லை.

(தொடரும்)