இருமொழி எழுதுவோரும் விசைப்பலகையும்

தட்டச்சில் தேர்ந்தவர் விசைகளை நோக்குவதில்லை. எழுத்தின் இடத்தை விரலே அறிந்திருக்கும். ஒருமுறை ஊன்றிய இப்பழக்கத்தை மாற்றுதல் எளிதன்று. ஆகவே, தமிழும் மலையாளமும் ஒருங்கே எழுதவேண்டிய திருவனந்தபுரத்து ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் எவ்வரிசையைப் பயில்வது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் நன்று.

இந்திய லிபிகள் பலவும் பிராமியினின்று கிளைத்தவை. இவ்வுறவை அடிப்படையாகக் கொண்டு மத்திய மின்னணுவியல் துறை 1986-இல் ‘இன்ஸ்கிரிப்ட்’ என்னும் பொதுவரிசையை வகுத்தது. இது 1991-இல் இந்தியத் தர நிர்ணயத்திலும் இடம்பெற்றது. இதில் ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே இடம். ஆங்கிலத்தில் ‘கே’ எனப் பொறித்த விசை தமிழில் ககரம், மலையாளத்திலும் ககரமே. ‘ஜே’ விசை ரகரம். ‘ஷிப்ட்’ விசையோடு சேர்த்து அழுத்தினால் இரு மொழியிலும் றகரம். கேரளப் பள்ளிகளில் மலையாளத்திற்கு இவ்வரிசையே பயிற்றப்படுவதால், அதனைக் கற்ற மாணவனுக்குத் தமிழ்த் தட்டச்சும் பாதி கைவந்ததாகும்.

ஆயினும் பொதுவரிசைக்கு ஒரு விலை உண்டு. தமிழுக்குத் தேவையற்ற ஒலிகளுக்குரிய விசைகள் சில வெறுமையாய் நிற்கின்றன. அடிக்கடி வரும் னகரத்திற்கோ ‘ஷிப்ட்’ தேவைப்படுகிறது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ வரிசையில் இக்குறை இல்லை. உயிர்கள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை அழுத்தினால் முதலதற்குப் புள்ளி தானே அமைந்து ‘க்க’ என்றாகும். எனவே, தமிழ் மட்டுமே எழுதுவோர்க்குத் தமிழ் 99 சிறந்தது; இருமொழியும் எழுதுவோர்க்கு இன்ஸ்கிரிப்ட் சிக்கனமானது.

பழைய தட்டச்சுப்பொறியில் ‘கே’ என்பதற்கு முதலில் கொம்பையும் பின்னர் ககரத்தையும் அடிப்பர். இன்ஸ்கிரிப்டிலோ ஒலியின் வரிசைப்படி ககரம் முந்தும். கொம்பு பின்னர் வந்து இடப்புறம் அமர்ந்துகொள்ளும். இதனால் திருத்தும்போது ஒரு வேறுபாடு தோன்றும். பெரும்பாலான மென்பொருள்களில் இட அம்பு விசை ‘கே’ முழுவதையும் ஒரே தாவலில் கடக்கும். பின்னழிப்பு விசையோ கொம்பை மட்டும் நீக்கிக் ககரத்தை விட்டுவைக்கும். இதனை மாணவர்க்கு முன்னரே விளக்கினால், எழுத்து பாதி மறைவதைக் கண்டு மயங்கமாட்டார்கள்.

அம்பு விசைகளின் அமைப்பும் கருதத்தக்கது. மூன்று விசைகள் கீழேயும் ஒன்று மேலேயும் நிற்கும் தலைகீழ் ‘டி’ அமைப்பு, 1980-களின் தொடக்கத்தில் டெக் நிறுவனத்தின் விசைப்பலகையால் பரவியது. நடுவிரல் மேலும் கீழும் நகர, அதன் இருபுறத்து விரல்கள் பக்க விசைகளில் நிலைத்திருக்கும். மடிக்கணினிகள் பலவற்றில் இடம் போதாமையால் மேல், கீழ் விசைகளைப் பாதியாகக் குறுக்கிவிடுகின்றனர். இடைவெளியும் இன்றி அமைந்தால் விரல் தடுமாறும்.

மடிக்கணினி வாங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு நான்கு அம்பு விசைகளையும் தொட்டுப் பாருங்கள். விரல் ஐயமின்றி இடம் கண்டால், அப்பலகை நாள்முழுதும் திருத்தும் பணிக்கு ஏற்றதே.