அழுத்தினால் மறையாத செம்புள்ளி

வளர்ப்பு நாயின் அடிவயிற்றிலோ காதுமடலின் உட்புறத்திலோ குண்டூசித் தலையளவில் சிவந்த புள்ளிகள் தென்படும்போது, பெரும்பாலோர் அவற்றை ஒவ்வாமை என்றோ பூச்சிக்கடி என்றோ சொறியின் தொடக்கம் என்றோ கருதிக் கையில் கிடைத்த களிம்பைத் தடவிவிடுகின்றனர். பல வேளைகளில் அந்த ஊகம் தவறாவதும் இல்லை. தெள்ளுப்பூச்சிக் கடியும், மயிர்க்கால்களில் கிருமி தொற்றி வரும் சிறு கொப்புளங்களும் தமிழகத்தின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் அன்றாடம் காணப்படுபவையே. எனினும், ஏறக்குறைய அதே தோற்றத்தில், அரிப்பும் தடிப்பும் இன்றி வெளிப்படும் இன்னொரு வகைப் புள்ளி உண்டு. அது தோல் நோயன்று; மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து தோலுக்கடியில் தங்கிவிட்ட இரத்தம்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் கால்நடை மருத்துவர்கள் கையாளும் முறை மிக எளியது. தெளிவான கண்ணாடி வில்லை ஒன்றைப் புள்ளியின் மேல் வைத்து மெல்ல அழுத்தும்போது சிவப்பு வெளுத்து, கையை எடுத்ததும் திரும்பினால், அங்கே இரத்தம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. தோல் அழற்சியால் குழாய் விரிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அழுத்திய பின்னும் நிறம் மாறாமல் நின்றால் இரத்தம் குழாயைவிட்டு வெளியேறிவிட்டது. வீட்டில் கண்ணாடி டம்ளரின் அடிப்பகுதியைக் கொண்டும் இதைச் செய்து பார்க்கலாம். இவ்வாறு மறையாத புள்ளிகளுள் 3 மில்லிமீட்டருக்கும் குறைவானவை இரத்தப் புள்ளிகள் எனப்படும். அவை ஒன்றுசேர்ந்து அகன்று, ஊதா நிறத்தில் கன்றிப்போய், சில நாட்களில் பச்சையும் மஞ்சளுமாக மாறினால் அவற்றை இரத்தக்கட்டு என்கிறோம். அடிபடாத நாய்க்கு இரத்தக்கட்டு தோன்றுவது இயல்பானதன்று. வெண்மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் உடைய ராஜபாளையம் நாயில் இவை உடனே கண்ணில் படும். கருந்தோல் உடைய நாய்களிலோ மேலுதட்டைத் தூக்கி ஈற்றையும், இமையை விலக்கிக் கண்ணின் வெண்விழியையும் பார்த்தால் அன்றித் தெரியாது.

இரத்தம் ஏன் கசிகிறது என்பதை அறிய, உடல் அதைத் தடுத்து நிறுத்தும் விதத்தை அறிய வேண்டும். குழாயில் சிறு கீறல் விழுந்தவுடன் முதலில் அங்கே ஓடிச்சென்று ஒட்டிக்கொண்டு அடைப்பவை தட்டணுக்கள். டெங்குக் காய்ச்சலின்போது மனிதர்களில் எண்ணிக்கை குறைகிறது என்று செய்திகளில் அடிபடும் அதே அணுக்கள்தாம் இவை. அந்த அடைப்பை நிலைப்படுத்துபவை கல்லீரல் உண்டாக்கும் உறைவுப் புரதங்கள். தட்டணுக்கள் குறைந்தால் தோலிலும் ஈற்றிலும் சிறு புள்ளிகளும் மூக்கில் இரத்த ஒழுக்கும் தோன்றும். உறைவுப் புரதங்கள் குறைந்தால் பொதுவாகச் சிறு புள்ளிகள் தோன்றாமல், மூட்டிலும் நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் பேரளவில் இரத்தம் தேங்கும். ஆகவே புள்ளி சிறியதா, இரத்தக்கட்டு பெரியதா என்ற வேறுபாடே காரணத்தைத் தேட வேண்டிய திசையை ஓரளவு காட்டிவிடுகிறது.

நலமாக உள்ள நாயின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். இது 50,000-க்கும் கீழே இறங்கிய பின்னரே பெரும்பாலும் தானாக இரத்தக் கசிவு தொடங்குகிறது என்பதால், புள்ளி கண்ணில் படும் நாளில் நோய் நெடுந்தொலைவு வந்துவிட்டிருக்கும் என்று கொள்வதே தகும்.

தமிழகம் போன்ற வெப்ப நாட்டில் தட்டணுக் குறைவைக் கண்ட மருத்துவர் முதலில் ஐயுறுவது உண்ணியையே. பழுப்பு நாய் உண்ணி நாயின் இரத்தத்தை உறிஞ்சும்போது எர்லிக்கியா கேனிஸ் என்னும் நுண்கிருமியை உடலுக்குள் செலுத்துகிறது. அது வெள்ளணுக்களில் ஒரு வகைக்குள் புகுந்து பெருகுகிறது. அல்ஜீரியாவிலிருந்த பாஸ்தர் நிறுவனத்தில், உண்ணி மொய்த்த நாய்களிடம் டொனாசியன், லெஸ்தோகார் என்னும் இரு ஆய்வாளர்கள் 1935-இல் இக்கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தனர். நெடுங்காலம் ஒரு மூலையில் கிடந்த இந்நோய் உலகத்தின் கவனத்துக்கு வந்தது வியட்நாம் போரினால்தான். 1960-களின் இறுதியில் அமெரிக்கப் படையின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகி, மெலிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவை மாண்டன. அந்த இனம் இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது என்ற உண்மை, காவலுக்காக அதையே விரும்பி வளர்க்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கும் தொடர்புடையது.

உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், உணவில் விருப்பமின்மை, கழுத்து நெறிக்கட்டுகளின் வீக்கம், கண்ணில் பீளை ஆகியவை தோன்றுகின்றன. மருத்துவம் செய்யாவிட்டாலும் இவை தாமாகவே அடங்கிவிடுவது உண்டு என்பதே இந்நோயின் வஞ்சகம். நாய் தேறிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையில் கிருமி மண்ணீரலில் பதுங்கி, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வெளித்தெரியாமல் வாழ்கிறது. சில நாய்கள் அதை முற்றிலும் வென்றுவிடுகின்றன. வேறு சிலவற்றிலோ இறுதியில் இரத்தம் ஊறும் எலும்பு மச்சையே செயலிழக்கிறது. அந்நிலையை எட்டிய நாயைக் காப்பது அரிது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மாத்திரையே பெரும்பாலும் போதுமானது. ஓரிரு நாட்களில் நாய் எழுந்து உண்ணத் தொடங்கும். ஆயினும் மாத்திரையை வழக்கமாக 28 நாட்கள் கொடுக்க வேண்டும் என்பதையும், வெறும் வயிற்றில் கொடுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம் என்பதையும் மறந்து, பத்தாம் நாளிலேயே நிறுத்திவிடுவோர் மிகப் பலர்.

உண்ணியைப் போலவே தட்டணுக்களை அழிக்கும் இன்னொரு காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் தட்டணுக்களையே பகையாகக் கருதித் தாக்கும் இந்நிலை, காக்கர் ஸ்பேனியல், பூடில் ஆகிய இனங்களிலும் பெண் நாய்களிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. எண்ணிக்கை 10,000-க்கும் கீழே போய்விடுவதும் உண்டு. இதற்கு நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தே முதன்மையானது. கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்வதற்கு முன் அடக்குவதில் இடர் இருப்பதால், மருத்துவர் பல பரிசோதனைகளைக் கேட்பதை வீண்செலவு என்று எண்ணலாகாது.

பெரிய இரத்தக்கட்டுகள் தோன்றினால் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி எலி மருந்தைப் பற்றியது. கடைகளில் கட்டியாக விற்கப்படும் புரோமடியோலோன் வகை மருந்து, உறைவுப் புரதங்களை ஆக்குவதற்குத் தேவையான வைட்டமின் கே-யைப் பயன்படாமல் செய்துவிடுகிறது. உடலில் ஏற்கெனவே உள்ள புரதங்கள் தீரும் வரை நாய் நலமாகவே ஓடியாடும் என்பதால், தின்ற இரண்டு முதல் ஐந்து நாட்கள் கழித்தே மூச்சிரைப்பும் சோர்வும் வெளிறிய ஈறும் தோன்றுகின்றன. அதற்குள் அடுத்த வீட்டில் வைத்த மருந்தை எல்லோரும் மறந்திருப்பர். இதற்கு வைட்டமின் கே1 என்னும் நேரடி மாற்றுமருந்து இருப்பது நற்பேறே. ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். பசை வடிவில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் நஞ்சு கல்லீரலையே அழிப்பதால் அதற்கு இத்தகைய எளிய தீர்வு இல்லை. தோட்டம் துரவில் திரியும் நாயின் முகமோ காலோ திடீரென வீங்கி இரத்தம் நில்லாமல் கசிந்தால், கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடித்திருக்கக்கூடும். அங்கே பாம்புக்கடி நச்சுமுறி மருந்தைத் தவிர வேறெதுவும் பயன்படாது. மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயிலும், காமாலையுடன் இத்தகைய புள்ளிகள் தோன்றலாம். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் அந்த நாயின் சிறுநீரைக் கையுறை இன்றித் தொடுவது தகாது.

மருத்துவமனையில் செய்யப்படும் பரிசோதனைகளுள் மிகப் பழமையானதே இன்றும் மிகுந்த பயன் தருகிறது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, உலர்த்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் மிக உயர்ந்த உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது, ஒரு காட்சிப் பரப்பில் தெரியும் ஒவ்வொரு தட்டணுவும் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 15,000 தட்டணுக்களைக் குறிக்கும். இயந்திரம் காட்டும் எண்ணை மட்டும் நம்புவது சரியன்று. பரிசோதனைக் குழாயில் தட்டணுக்கள் கட்டிக்கொண்டால் இயந்திரம் அவற்றை எண்ணாமல் விட்டு, இல்லாத குறைவைக் காட்டும். அத்துடன், எர்லிக்கியாக் கிருமி வெள்ளணுவுக்குள் கொத்தாக உறைவதைச் சில சமயம் அதே படலத்தில் நேரிலும் காணலாம். தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. அப்போது எதிர்ப்புப் பொருளைக் கண்டறியும் அட்டைப் பரிசோதனையோ, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையோ உதவும்.

மருத்துவரிடம் செல்லும் வரை வீட்டில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாதவையே மிகுதி. காய்ச்சலுக்கு என்று ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கொடுத்தால், எஞ்சியிருக்கும் தட்டணுக்களும் செயலிழந்து வயிற்றில் இரத்தம் கசியும். தசையில் ஊசி போடுவது இரத்தக்கட்டை உண்டாக்கும் என்பதால், பழக்கமான மருந்துக்கடைக்காரரிடம் ஊசி வாங்கிப் போடுவதும் கூடாது. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, எலும்பும் கடினப் பண்டங்களும் தராமல், துள்ளிக் குதிக்கவிடாமல் அமைதியாக வைத்திருப்பது நன்று. டெங்குக் காலத்தில் பெயர்பெற்ற பப்பாளி இலைச்சாற்றை நாய்க்கும் புகட்டுவோர் உள்ளனர்; அது உண்ணி தந்த கிருமியையோ எலி நஞ்சையோ நீக்குவதில்லை, மருத்துவத்துக்குக் கிடைக்கும் நாட்களைத்தான் தின்கிறது.

உண்ணியை ஒழிப்பதில் நாயை மட்டும் கவனிப்பது பாதி வேலையே. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவரேறி, விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. இன்னும் இரத்தம் குடிக்காத உண்ணியோ உணவின்றியும் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது. உண்ணியைக் கையால் நசுக்கினால் அதனுள் இருக்கும் கிருமி விரல் கீறலில் படலாம் என்பதால், நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்துச் சோப்புநீரில் போடுவதே சரி. எர்லிக்கியாவுக்குத் தடுப்பூசி கிடையாது. ஒருமுறை குணமான நாய்க்கும் மறுபடி வரும். எனவே உண்ணித்தடுப்பு மருந்தைக் கோடைக்கு மட்டுமன்றி, மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும். அழுத்தியும் மறையாத புள்ளியைக் கண்டால் அன்றைய தினமே தட்டணுவை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.