கருமையைத் தேடும் ஒளி

சென்ற ஆண்டு எமது உயர்தர வகுப்பிலே பயின்ற மாணவி ஒருத்தி, வினாவுக்கு விடையிறுக்க எழும்போதெல்லாம் கைக்குட்டையால் நாடியை மறைத்துக்கொண்டே பேசுவாள். முதலிலே தடிமன் என எண்ணினோம். பின்னர் கூச்சம் என எண்ணினோம். தவணை விடுமுறைக்குச் சில தினங்களின் முன்னர் அவளுடைய தாயார் எம்மைக் காண வந்தபோதுதான் உண்மை விளங்கிற்று.

"சேர், நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறனீங்கள். இந்த லேசர் எண்டால் என்னெண்டு சொல்லுங்கோ. தமக்கையின்ர கலியாணத்துக்கு முன்னம் முகத்தில பிடிக்க வேணுமெண்டு பிள்ளை ஒற்றைக் காலில நிக்கிறாள். முகம் எரிஞ்சு போகாதே?" என்று அவர் வினவினார். அவர் கையிலே அழகு நிலையம் ஒன்றின் விளம்பரத் துண்டு இருந்தது. வேண்டாத உரோமங்களுக்கு ஒரே தடவையில் நிரந்தர விடுதலை என்று அதிலே அச்சிட்டிருந்தார்கள்.

அத்தாயாருக்கு அன்று நாம் அளித்த விடை அரைகுறையானதே. லேசர் ஒளி எவ்வாறு பிறக்கின்றது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். அது மனிதத் தோலிலே படும்போது யாது நிகழும் என்பதை நாம் சிந்தித்ததில்லை. ஆகவே ஒரு வார அவகாசம் கேட்டு நூல்களைப் புரட்டினோம். சரும நோய் வைத்தியராக விளங்கும் பழைய மாணவர் ஒருவரிடமும் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றையே, பெயரும் ஊரும் கூறாமல் எழுதுவதற்கு அம்மாணவியும் தாயாரும் இசைந்தமையால், இங்கு நேயர்கள்முன் வைக்கின்றோம்.

மாணிக்கக் கல்லிற் பிறந்த ஒளி

அணுக்களைத் தூண்டி ஒரே இயல்புடைய ஒளியை வெளியிடச் செய்யலாம் என்பதை 1917ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் கணித்துக் கூறினார். அக்கருத்து கருவியாக உருப்பெற 43 ஆண்டுகள் சென்றன. 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே தியோடோர் மைமன் என்பார் செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து முதலாவது லேசர் ஒளியை எழுப்பினார். நம் இரத்தினபுரி மண் தரும் மாணிக்கத்தின் இனமே அதுவும். ஆயினும் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கல்.

சூரிய ஒளி பல நிறங்களின் கலவை. லேசர் ஒளியோ ஒரே அலைநீளம் உடையது. எந்தப் பொருள் எந்த அலைநீளத்தை விரும்பி உறிஞ்சும் என்பது தெரிந்தால், அதனை மட்டும் சூடாக்கலாம். சித்திரை வெயிலிலே வெறுங்காலுடன் தார் வீதியைக் கடக்கும் சிறுவர்கள், வீதியில் வரைந்த வெள்ளைக் கோட்டிலே கால்வைத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். வெயில் ஒன்றே, கருமை அதனை உண்கிறது, வெண்மை தள்ளிவிடுகிறது. லேசர் சிகிச்சையின் தத்துவம் அச்சிறுவர்களின் உள்ளங்காலுக்குத் தெரிந்ததுதான்.

இதனை மருத்துவத்துக்கு உரிய முறையில் வகுத்துரைத்தவர்கள் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த றொக்ஸ் அண்டர்சன், ஜோன் பரிஷ் என்னும் இரு வைத்தியர்கள். 1983இல் வெளியான அவர்களது கட்டுரை, அலைநீளத்தையும் ஒளி நீடிக்கும் நேரத்தையும் பொருத்தமாகத் தெரிந்தெடுத்தால் சுற்றியுள்ள தசைக்குத் தீங்கின்றிக் குறித்த இலக்கை மட்டும் அழிக்கலாம் என விளக்கியது. நேரத்தை ஏன் கவனிக்க வேண்டும்? தாளித்த கடுகு உடனே ஆறிவிடும். அவித்த கிழங்கு சுணங்கித்தான் ஆறும். அதுபோன்றே மெல்லிய மேற்றோல் விரைவில் ஆறும். தடித்த மயிர்க்கால் வெப்பத்தைச் சற்று நேரம் பிடித்துவைத்திருக்கும். ஒளித்துடிப்பின் காலத்தை ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்களவில் அமைத்து, மேற்றோலைக் குளிரூட்டியும் வந்தால், தோல் தப்பும், வேர் வேகும்.

எமது நிறமும் இவ்வொளியும்

இங்கேதான் நம்மவர் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி உளது. 1996இல் பொஸ்ரன் ஆய்வாளர் மாணிக்க லேசரால் உரோமத்தை நீக்கிக் காட்டியபோது, அதற்கு உடன்பட்ட 13 பேரும் வெளிர்நிறத் தோலும் கபிலம் அல்லது கருநிற உரோமமும் உடையவர்கள். அவர்களிடத்தே கருமை, உரோமத்தில் மட்டுமே இருந்தது. நம்மவர் தோலிலோ, உரோமத்துக்குக் கருமை தரும் அதே மெலனின் செறிந்து கிடக்கின்றது. வேரிலுள்ள கருமை எது, தோலிலுள்ள கருமை எது என்று ஒளி பகுத்தறியமாட்டாது. வேருக்கு அனுப்பிய வெப்பத்தைத் தோலே வாங்கிக்கொண்டால் கொப்புளமும், கருந்தழும்பும், சில வேளை வெண்தழும்பும் உண்டாகும்.

இது வெறுங்கதையன்று. எமது பழைய மாணவி ஒருத்தி, நிலையமொன்றிலே ஒளிச்சிகிச்சை பெற்ற மறுவாரம் கன்னத்திலே நீள்சதுரத் தடங்களுடன் வந்தாள். அவை மங்குவதற்குப் பத்து மாதங்கள் சென்றன. அவளுக்குப் பிடித்தது லேசரே அன்று என்பது பின்னரே தெரியவந்தது. ஐ.பி.எல். எனப்படும், பல அலைநீளங்கள் கலந்த ஒளிவீச்சு அது. கிரிக்கெட் போட்டியின் பெயரென்று நம் வீட்டு இளைஞர்கள் நகைக்கக்கூடும். மாநிறத்தார் முகத்திலே அனுபவம் இல்லாதவர் கையாளின் அது நகைப்புக்குரிய விளையாட்டன்று.

பிற்ஸ்பற்றிக் என்னும் அமெரிக்க வைத்தியர் 1975இல் தொடக்கிவைத்த வகுப்பு முறை, பிற்காலத்தில் விரிந்து, மனிதத் தோலை ஆறு வகையாகப் பிரிக்கின்றது. நம்மவருட் பெரும்பாலார் நான்காம், ஐந்தாம் வகையினர். ஆறாம் வகையினரும் உளர். லேசர்களும் பல வகையின. மாணிக்க லேசரின் அலைநீளம் 694 நனோமீற்றர், அலெக்சாந்திரைற்று 755, டயோட் லேசர் 810 அளவு, என்டி-யாக் 1064. அலைநீளம் கூடக்கூட மெலனின் அதனை உறிஞ்சுவது குறையும். ஒளி தோலைக் கடந்து ஆழத்துக்குச் செல்லும். ஆதலின் கருநிறத் தோலுக்கு என்டி-யாக் லேசரே பெரிதும் பாதுகாப்பானது என்பது வைத்தியர் கருத்து. "என்ன லேசர், எத்தனை நனோமீற்றர்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று, நம் தோலின் உரிமை அது.

எதிர்பார்க்க வேண்டியவை

சிகிச்சைக்கு முந்திய நான்கு வாரங்களுக்கு உரோமத்தை நூலாலோ மெழுகாலோ பிடுங்குதல் ஆகாது. வேரில் கருமயிர் இருந்தாற்றானே ஒளிக்கு இலக்கு உண்டு? சவரஞ் செய்தல் ஆகும். வேர் அப்படியே இருக்கும். சவரஞ் செய்தால் மயிர் தடித்து வளரும் என்று தாய்மார் அஞ்சுவர். அது பிழையான எண்ணம். வெட்டுமுனை மொட்டையாக இருப்பதால் தடித்ததுபோலத் தோன்றுகிறதேயன்றி வேறில்லை. வெயிலிலே கறுத்த தோலுடன் சிகிச்சைக்குச் செல்லலாகாது. உட்கொள்ளும் மருந்துகளையும், முன்னர் தழும்பு தடித்து வளர்ந்ததுண்டாயின் அதனையும் வைத்தியருக்குக் கூறவேண்டும். கருவுற்றோர் பிள்ளைப்பேறு முடியும்வரை ஒத்திவைப்பதே முறை.

சிகிச்சையின்போது கண்களுக்குத் தகுந்த காப்புக்கண்ணாடி அணிவித்தல் வேண்டும். கண்குழியை ஒட்டிய இடங்களிலே லேசர் படவே கூடாது. தாளிக்கையில் எண்ணெய்த்துளி தெறித்தாற்போன்ற சுள்ளென்ற வேதனை ஒவ்வொரு துடிப்புக்கும் இருக்கும். மேலுதட்டுக்குச் சில நிமிடங்கள், கால்களுக்கு அதனினும் நெடுநேரம். பின்னர் சிவப்பும், மயிர்க்கால்தோறும் சிறு வீக்கமும் தோன்றி ஓரிரு நாளில் மறையும். அதனை மீறிக் கொப்புளமோ எரிவோ தொடர்ந்தால் உடனே வைத்தியரை நாடுக. அடுத்த இரண்டொரு வாரங்களில் உரோமம் வளர்வதுபோலத் தோன்றும். அது வளர்ச்சியன்று, வெந்த மயிர் வெளியேறுவதே.

வேதனையைக் குறைக்கும் விறைப்புக் களிம்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கால்கள் முழுவதும் அக்களிம்பைப் பூசிப் பிளாத்திக்குத் தாளினாற் சுற்றிக்கொண்டு லேசர் சிகிச்சைக்குச் சென்ற இரு இளம் பெண்கள் வலிப்புக் கண்டு உயிரிழந்த செய்தியை, அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2007இல் வெளியிட்ட எச்சரிக்கையிலே கூறியது. மருந்து தோல்வழியே குருதியிற் கலந்தமையே காரணம். வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு விரல்நுனியும் பூசலாகாது.

ஒரே தடவையில் முடியுமா? முடியாது. நம் தோல், ஒரே நாளில் விதைத்த வயல் அன்று; ஒருபுறம் முளைக்கவும் ஒருபுறம் ஓயவும் இருக்கும் தோட்டம். வளரும் பருவத்திலுள்ள மயிரையே லேசர் வேரோடு தாக்கும். ஆதலின் நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறையாக ஆறு தடவையேனும் செல்லவேண்டிவரும். நிரந்தரம் என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு. மேற்கூறிய நிருவாகம் லேசர்க் கருவிகளுக்கு அனுமதிக்கும் சொல், நிரந்தரக் குறைப்பு என்பதே. நிரந்தர நீக்கம் அன்று. எஞ்சியவை மெலிந்தும் ஐதாகியும் வளரும். இடையிடையே மீண்டும் செல்ல நேரிடும்.

நரைமயிருக்கு லேசர் பயன்படாது. அங்கே ஒளி தேடும் கருமை இல்லை. அத்தகையோருக்கு மின்னூசி முறை உதவும். அமெரிக்கக் கண் வைத்தியர் சாள்ஸ் மிஷெல், உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்தும் இமைமயிரை அகற்றுவதற்கு 1875இல் கையாண்டு வெளியிட்ட பழைய முறை அது. ஒவ்வொரு மயிர்க்காலாகச் செல்வதால் பொறுமை வேண்டும். வேறொரு விந்தையும் உளது: முகத்திலும் கழுத்திலும் பூனைமயிர்போன்ற மெல்லிய உரோமத்தின்மேல் லேசர் படும்போது, சிலருக்கு அது குறையாமல் அடர்ந்து வளர்வதுண்டு. கருநிறத்தாரிடமும் ஓமோன் சமநிலை குன்றிய பெண்களிடமும் இவ்விளைவு கூடுதலாகக் காணப்படுகிறது.

முதலிற் கேட்கவேண்டிய வினா

ஓமோன் என்றோம். உண்மையில் லேசரைப் பற்றிய வினா இரண்டாவது வினாவே. நாடியிலும் மேலுதட்டிலும் மார்பிலும் தடித்த உரோமம் ஏன் வளர்கின்றது என்பதே முதல் வினா. சில குடும்பங்களில் அது பரம்பரை இயல்பு. தாய்க்கும் பாட்டிக்கும் இருந்திருக்கும். ஆயின் மாதவிடாய் ஒழுங்கு தவறுதல், பரு மிகுதல், உடற்பருமன் கூடுதல் என்பனவும் சேர்ந்திருப்பின், சூலகத்தில் பல சிறு கட்டிகள் தோன்றும் நிலையோடு தொடர்புடைய ஓமோன் கோளாறாக இருக்கலாம். பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் இது காணப்படுவதாகவும், அவர்களிற் பெரும்பாலார் தமக்கு அது இருப்பதை அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. கவனியாது விட்டால் நீரிழிவுக்கும் வழிவகுக்கும். சில மாதங்களுக்குள் உரோமம் திடீரெனப் பெருகிக் குரலும் தடித்தால் சற்றும் தாமதிக்கலாகாது. உரோமத்தை மட்டும் எரித்துவிடுதல், புகை வருகிறதென்று யன்னலைச் சாத்துவதை ஒக்கும்.

இவற்றையே ஒரு வாரத்தின் பின் அத்தாயாருக்குச் சொன்னோம். அவர் விளம்பரத் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளை அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். குருதிப் பரிசோதனையிலே கோளாறு உண்மையெனத் தெரிந்தது. மருந்தும் உடற்பயிற்சியும் விதித்த வைத்தியர், லேசர் பின்னர் ஆகட்டும் என்றார். தமக்கையின் கலியாணம் அதற்குள் நடந்தேறியது. பிள்ளை நூலினால் உரோமம் எடுப்பித்துக்கொண்டு பந்தலிலே நின்றாள். அன்றும் புகைப்படக்காரரைக் கண்டால் விலகியே சென்றாளென்று தாயார் சொல்லி வருந்தினார். சில மாதங்களின் பின்னர், வைத்தியரின் மேற்பார்வையிலே என்டி-யாக் சிகிச்சை தொடங்கியது. இதுவரை மூன்று தடவைகள் முடிந்தன. உரோமம் முற்றாக மறையவில்லை, குறைந்திருக்கின்றது.

பெற்றாருக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். பெண்ணின் முகத்தில் உரோமம் வளர்தல் குற்றமுமன்று, கூறாத குறையுமன்று. எடுக்க விரும்பும் பிள்ளையைக் கடிதலும், விரும்பாத பிள்ளையைத் தூண்டுதலும் ஒருங்கே தவறு. "மீசைக்காரி" என்று தம்பிமார் நகைப்பதை வீட்டிலே முதலில் நிறுத்துக. எமது வகுப்பறையில் அச்சொல் எழுந்திருந்தால் நாமும் கவனியாது விட்டிருப்போமோ என்று இப்போது எண்ணி வெட்குகின்றோம்.

சென்ற வாரம் ஒளி உறிஞ்சலைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, நரைமயிரிலே லேசர் ஏன் பயனற்றது என்று வகுப்பை வினவினோம். அம்மாணவி எழுந்தாள். கரும்பலகைக்கு வந்து, ஒரு கறுப்பு மயிரையும் ஒரு வெள்ளை மயிரையும் வரைந்து, ஒளிக்கதிர் எங்கே உறிஞ்சப்படும், எங்கே சிதறும் என்பதை விளக்கினாள். கைக்குட்டை அவளுடைய மேசையிலே புத்தகத்தின்மேல் கிடந்தது.